மலைகளின் மடியில் ஒரு சந்தை நகர்



பள்ளி விடுமுறை என்றதும் நம் உள்ளம் துள்ளுகின்றது. சிலர் பாட்டி வீட்டிற்குச் செல்வர். சிலர் கடற்கரையை நாடுவர். வேறு சிலர் கேமரன் மலைக்கோ தைப்பிங் ஏரிப் பூங்காவிற்கோ செல்வர். சென்ற இடத்தில் ஓடி ஆடி மகிழ்கின்றோம். படம் பிடித்துக் கொள்கின்றோம். பின்பு வீடு திரும்புகின்றோம். ஆனால், நாம் கண்டு களித்த அந்த ஏரியும் மலையும் நமக்கு முன்னே வாழ்ந்த யாரோ சிலர் காத்து வைத்தமையாலன்றோ நமக்குக் கிடைத்தன! இதனை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் ஓர் ஊர் இங்கிலாந்து நாட்டின் வடமேற்கே உள்ளது. அவ்வூரின் பெயர் கெசிக். ஆங்கிலத்தில் எழுதும்போது இப்பெயரின் நடுவே 'டபிள்யூ' என்னும் எழுத்து வரும். ஆயினும் அவ்வூர் மக்கள் அதனை ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இப்பெயருக்குப் 'பாலாடைக்கட்டிப் பண்ணை' என்பது பொருள். இன்று ஏறத்தாழ 5000 பேர் மட்டுமே வாழும் இச்சிற்றூருக்கு ஆண்டுதோறும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் விடுமுறைக்கு வருகின்றனர். வாருங்கள், நாமும் மனத்தால் அங்கே ஒரு பயணம் சென்று வருவோம்.

ஊரை அடையும் வழி

இலண்டன் மாநகரிலிருந்து தொடர்வண்டியில் வடக்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பென்ரித் என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் கெசிக் வந்துவிடும். முன்னாளில் கெசிக் வரை தொடர்வண்டியே ஓடியது. 1865 ஆம் ஆண்டில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அவ்விருப்புப் பாதை 1972 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின்னர், அப்பாதையின் ஒரு பகுதி நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய வழியாயிற்று. வேகமாக ஓடிய வண்டி போயிற்று. மெதுவாக நடந்து, ஆற்றின் ஓசையைக் கேட்டுச் செல்லும் வாய்ப்பு வந்தது.

கோடை விடுமுறையில் அங்குச் செல்வோர் முதலில் வியப்பது பகலின் நீளத்தைக் கண்டுதான். நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ளன. கெசிக்கோ வடக்கே வெகு தொலைவில் உள்ளது. ஆகவே, ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகே அங்குக் கதிரவன் மறைகின்றான். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகின்றான்.

சந்தையும் ஒற்றை முள் கடிகாரமும்

1276 ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்ட் மன்னர் இவ்வூரில் சந்தை கூட்டுவதற்கு உரிமை வழங்கினார். அன்று தொடங்கிய சந்தை ஏறத்தாழ 750 ஆண்டுகளாக நிலைத்துள்ளது. இக்காலத்தில் வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் ஊரின் நடுத்தெருவில் கடைகள் விரிக்கப்படுகின்றன. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழங்கள், கம்பளி ஆடைகள் முதலானவை அங்கு விற்கப்படும்.

அத்தெருவின் நடுவே கோபுரத்துடன் கூடிய ஒரு பழைய கட்டடம் நிற்கின்றது. ஊர் மன்றம் எனப்படும் அக்கட்டடம் 1813 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் கோபுரக் கடிகாரத்தை உற்று நோக்குங்கள். அதில் ஒரே ஒரு முள்தான் உள்ளது! மற்றொரு முள் உடைந்து விழுந்துவிட்டது போலும் என்று எண்ணிவிடாதீர்கள். மணி காட்டும் முள் மட்டுமே அதற்கு உண்டு. முள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றால் மணி மூன்றரை என்று நாமே கணித்துக்கொள்ள வேண்டும். நிமிடங்களை எண்ணி ஓடாத காலத்து மக்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்களுக்கும் அதுவே போதும் அன்றோ!

பனி செதுக்கிய ஏரி

ஊரிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் டெர்வெண்ட்வாட்டர் ஏரி கண்முன் விரிகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் 22 மீட்டர். இந்த ஏரியை மனிதர் வெட்டவில்லை. முன்னொரு காலத்தில் இப்பகுதி முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. மலைகளின் இடையே பனியாறுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. அவை தம்முடைய எடையாலும் தம்மிடம் சிக்கிய பாறைகளாலும் பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்தன. 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே பனி உருகி மறைந்தது. பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாயிற்று. ஆறுகள் கொணர்ந்த மண் இடையில் படிந்து அந்த ஏரியை இரண்டாகப் பிரித்தது. டெர்வெண்ட்வாட்டருக்கு வடக்கேயுள்ள பேசந்த்வைட் ஏரியே மற்றைய பகுதியாகும்.

ஏரியில் மரங்கள் அடர்ந்த தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் 7 ஆம் நூற்றாண்டில் எர்பர்ட் என்னும் துறவி தனித்து வாழ்ந்தார். இன்னொரு தீவில், 16 ஆம் நூற்றாண்டில் செம்பு தோண்ட வந்த செருமானியச் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்தனர். ஏரியின் குளிர்ந்த நீரில் வெண்டேஸ் என்னும் சிறுமீன் வாழ்கின்றது. பிரிட்டனின் மிக அரிய நன்னீர் மீன்களுள் அஃது ஒன்று. நீர் வெப்பமடைந்தாலும் கழிவுகளால் மாசடைந்தாலும் அது வாழ இயலாது.

ஏரியைச் சுற்றிச் சிறு பயணப் படகுகள் செல்கின்றன. ஒரு துறையில் இறங்கிக் கரையோரமாக நடந்து, அடுத்த துறையில் மீண்டும் படகேறலாம். மேற்குக் கரையில் இறங்குவோர் கேட்பெல்ஸ் என்னும் மலையில் ஏறுவர். அதன் உயரம் 451 மீட்டர். சிறுவரும் பெற்றோருடன் ஏறி மகிழும் மலை அது. ஊருக்கு வடக்கே நிற்கும் ஸ்கிடோ மலையின் உயரம் 931 மீட்டர். 4095 மீட்டர் உயரமுள்ள நம் கினபாலு மலையின் முன்னே இவை சிறு குன்றுகளே. ஆயினும், இவற்றை எளியவை என்று கருதி எவரும் ஏறுதல் கூடாது. வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கி வழியை மறைத்துவிடும். இவ்வாறு வழி தவறியவர்களையும் விழுந்து அடிபட்டவர்களையும் மீட்பதற்காக 1947 ஆம் ஆண்டில் கெசிக் நகரில் மலை மீட்புக் குழு ஒன்று தோன்றியது. அதில் பணியாற்றுவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் முன்பின் அறியாத ஒருவரைக் காக்க அவர்கள் மலையேறுகின்றனர்.

வழி மறவாத ஆடுகள்

மலைச் சரிவெங்கும் ஆடுகள் மேய்வதைக் காணலாம். அவை எர்ட்விக் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாக இருக்கும். வளர வளர உடல் மயிர் பழுப்பாகிப் பின்னர்ச் சாம்பல் நிறமாகும். உயர்ந்த மலைகளில் இவை மேயும் இடங்களுக்கு வேலி இல்லை. எனினும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையைத் தாண்டாமல் மேய்கின்றது. தன் மேய்ச்சல் நிலம் எது என்பதனைத் தாயின் பின்னே திரிந்து குட்டி கற்றுக்கொள்கின்றது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்பிக்கின்றது. ஏட்டில் எழுதாத இக்கல்வி பல நூறு ஆண்டுகளாகத் தொடர்கின்றது.

2001 ஆம் ஆண்டில் கோமாரி நோய் பிரிட்டனில் பரவியபோது, இந்த வட்டாரமே மிகக் கடுமையாகத் தாக்குண்டது. எண்ணற்ற ஆடுகளும் மாடுகளும் கொல்லப்பட்டன. அப்போது உழவர்களுக்கு இரட்டைத் துன்பம் நேர்ந்தது. ஆடுகள் போனால் வேறு ஆடுகளை வாங்கலாம். ஆனால், அந்த மலையை அறிந்த ஆடுகளை எங்கே வாங்குவது? நல்ல வேளையாக எர்ட்விக் இனம் அழியாமல் தப்பிப் பிழைத்தது.

அவ்வட்டார மேய்ப்பர்கள் முற்காலத்தில் ஆடுகளை எண்ணுவதற்குத் தனி எண்களை வைத்திருந்தனர். "யான், டியான், டெதெரா, மெதெரா, பிம்ப்" என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று பொருள். நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!

பென்சில் பிறந்த ஊர்

மாணவர்களே, உங்கள் பென்சிலைச் சற்றுக் கையில் எடுங்கள். அதற்கும் கெசிக் நகருக்கும் நெருங்கிய உறவு உண்டு.

கெசிக் நகருக்குத் தெற்கே பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 16 ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சீத்வைட் என்னுமிடத்தில் பளபளப்பான கரிய கனிமம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தொட்டால் கையில் கறை படிந்தது. மேய்ப்பர்கள் அதனைக் கொண்டு தம் ஆடுகளுக்கு அடையாளம் இட்டனர். அதனை ஈயத்தின் ஒரு வகை என்று எண்ணிய மக்கள் 'கருப்பு ஈயம்' என்று அழைத்தனர். 1779 ஆம் ஆண்டில் ஷீலே என்னும் வேதியியல் அறிஞர், அஃது ஈயம் அன்று, கரியின் ஒரு வடிவமே என்று மெய்ப்பித்தார். அதுவே கிராஃபைட்.

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளில் பூசுவதற்கும் கிராஃபைட் பயன்பட்டது. ஆதலால் அதன் விலை உயர்ந்தது, திருட்டும் பெருகியது. சுரங்கத்திற்குக் காவல் போட்டனர். 1752 ஆம் ஆண்டில் அதனைத் திருடுவோரைக் கடுமையாகத் தண்டிக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

கிராஃபைட்டை மெல்லிய துண்டுகளாக அறுத்து மரத்தின் நடுவே பொதித்து அக்காலத்தில் பென்சில் செய்தனர். பின்னர், பிரான்சு நாடு இங்கிலாந்தோடு போரிட்ட காலத்தில் அந்நாட்டினருக்கு இந்தக் கிராஃபைட் கிடைக்கவில்லை. அப்போது கோன்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் வேறு வழி கண்டார். மட்டமான கிராஃபைட்டைப் பொடியாக்கிக் களிமண்ணுடன் கலந்து சூளையில் சுட்டு, 1795 ஆம் ஆண்டில் புதுவகைப் பென்சிலை உருவாக்கினார். களிமண் மிகுந்தால் பென்சில் கடினமாகி மெல்லிய கோடு இடும். கிராஃபைட் மிகுந்தால் மென்மையாகிக் கரிய கோடு இடும். உங்கள் பென்சிலில் 'எச்', 'பி' என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பது இவ்வேறுபாட்டைக் காட்டவே.

கெசிக் நகரில் 1832 ஆம் ஆண்டில் தோன்றிய பென்சில் தொழிற்சாலை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, பென்சிலின் உள்ளே மெல்லிய தாளில் அச்சிட்ட நிலப்படத்தையும் சிறு திசைகாட்டியையும் மறைத்து, விமானப் படையினருக்காக இங்கே இரகசியமாகச் செய்து கொடுத்தனர். 2007 ஆம் ஆண்டை ஒட்டித் தொழிற்சாலை அண்மைய ஊர் ஒன்றுக்கு இடம் மாறிவிட்டது. எனினும் 1981 ஆம் ஆண்டில் தொடங்கிய பென்சில் அருங்காட்சியகம் இன்றும் கெசிக் நகரிலேயே உள்ளது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள வண்ணப் பென்சில் ஒன்றையும் அங்குக் காணலாம்.

மழை தரும் வளமும் துன்பமும்

மலை இருக்குமிடத்தில் மழையும் இருக்கும். மேற்கே உள்ள அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழும்புகின்றது. மேலே சென்றதும் குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. தைப்பிங் நகரில் மழை மிகுந்திருப்பதற்கும் அதன் பின்னே நிற்கும் மலைத்தொடரே காரணம் என்பதை அறிவீர்கள். சீத்வைட்டில் ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மழை மிகுந்தது அதுவே. ஏரிகள் நிறைவதும் மலைகள் பசுமையாக நிற்பதும் இம்மழையால்தான்.

ஆனால், அளவு மிஞ்சினால் துன்பம் அன்றோ? 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் முடிவடைந்த 24 மணி நேரத்தில், பாரோடேலுக்கு அருகிலுள்ள ஆனிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கெசிக் நகரினூடே ஓடும் கிரீட்டா ஆறு, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சுவரையும் தாண்டிப் பாய்ந்தது. வீடுகளும் கடைகளும் மூழ்கின. பென்சில் அருங்காட்சியகத்திலும் நீர் புகுந்தது. பழைய இருப்புப் பாதையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஊர் மக்கள் சோர்ந்துவிடவில்லை. அருங்காட்சியகம் 2017 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. நடைபாதை 2020 ஆம் ஆண்டு டிசம்பரில் சீரமைக்கப்பட்டது.

ஏரிக்கரையைக் காத்த எளியவர்கள்

இதுவரை ஊரின் அழகைக் கண்டோம். இனி, அவ்வழகு நிலைத்த வரலாற்றைக் காண்போம். இதுவே இக்கட்டுரையின் உயிரான பகுதி.

நூறாண்டுகளுக்கு முன்னர் இந்த ஏரிக்கரைகளும் மலைச் சரிவுகளும் பெரும்பாலும் தனியார் உடைமைகளாக இருந்தன. மக்கள் காலங்காலமாக நடந்து வந்த பாதைகள் சில அடைக்கப்பட்டன. 1887 ஆம் ஆண்டில், கெசிக் நகருக்கு அருகிலுள்ள லாட்ரிக் என்னும் குன்றின் பாதை மூடப்பட்டபோது, ஏறத்தாழ 2000 பேர் ஒன்றுகூடித் தடையை நீக்கி உச்சி வரை நடந்தனர். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. இறுதியில் உச்சிக்கு நடந்து செல்லும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது.

கெசிக் நகரின் ஒரு பகுதியாகிய கிராஸ்த்வைட்டில் ஆர்ட்விக் ரான்சிலி என்பார் சமயகுருவாகப் பணியாற்றி வந்தார். எழிலார்ந்த இடங்கள் செல்வர் சிலருக்கு மட்டும் உரியனவாகிவிடுமோ என்று அவர் கவலையுற்றார். அவரும் ஆக்டேவியா இல் என்னும் அம்மையாரும் இராபர்ட் அண்டர் என்னும் வழக்கறிஞரும் சேர்ந்து, 1895 ஆம் ஆண்டில் நேசனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தனர். நிலங்களை மக்களின் பெயரால் வாங்கி, என்றென்றும் காப்பதே அதன் நோக்கம்.

சில ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. டெர்வெண்ட்வாட்டரின் மேற்குக் கரையிலுள்ள பிராண்டல்ஹவ் என்னும் சோலை விற்பனைக்கு வந்தது. அதன் பரப்பு 108 ஏக்கர். விலை 6500 பவுன். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. வாங்கத் தவறினால் கரையெங்கும் மாளிகைகள் எழுந்துவிடும். பொதுமக்கள் அங்குக் கால்வைக்க இயலாது. எனவே, நாட்டு மக்களிடம் நன்கொடை வேண்டினர். செல்வர் மட்டுமா கொடுத்தனர்? புகை சூழ்ந்த நகரங்களில் உழைத்த தொழிலாளரும் தம்மால் இயன்ற சில்லறைக் காசுகளை அனுப்பினர். ஏரியைக் காண வேண்டும் என்னும் ஆசை தமக்கு இனி நிறைவேறாது. ஆயினும் பிறர் காண்பதற்காக அதனைக் காக்க உதவுகின்றேன் என்னும் கருத்தில் ஒரு தொழிலாளி எழுதியிருந்தாராம். சிறு துளி பெருவெள்ளமாயிற்று. 1902 ஆம் ஆண்டில் சோலை மக்களுக்கே உரியதாகியது.

எண்ணிப் பாருங்கள், மாணவர்களே! தாம் ஒருநாளும் காண இயலாத ஏரிக்காகத் தம் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தவர் எத்துணை உயர்ந்தவர்!

இவ்வழியைப் பின்னர்ப் பலரும் பின்பற்றினர். சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பியட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் இளமையில் இந்த ஏரிக்கரைக்கு விடுமுறைக்கு வந்தவர். 1903 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய அணில் கதையின் களம் இந்த ஏரியே. 1943 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, இவ்வட்டாரத்தில் தாம் வாங்கியிருந்த 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அதே அறநிறுவனத்திற்கு விட்டுச் சென்றார். 1951 ஆம் ஆண்டில் இவ்வட்டாரம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகியது.

விருந்தினரின் கடமை

எனினும் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை. விடுமுறைக்கு வருவோரால் கடைகளும் விடுதிகளும் பிழைக்கின்றன. பலருக்கு வேலை கிடைக்கின்றது. ஆனால், வீடுகள் பலவற்றை வெளியூரார் விடுமுறை இல்லங்களாக வாங்குவதனால் வீட்டு விலை ஏறி, அவ்வூரிலேயே பிறந்த இளைஞர்கள் அங்குக் குடியிருக்க இயலாமல் வருந்துகின்றனர். பலருடைய காலடி பட்டு மலைப்பாதைகளும் தேய்கின்றன. அவற்றைக் கல் பரப்பிச் செப்பனிட வேண்டியுள்ளது. அழகைக் காண வருகின்றவர்களே அவ்வழகிற்குச் சுமையாகிவிடவும் கூடும்.

ஆகவே, ஓர் ஊருக்குச் செல்லும் நாம் அங்கே விருந்தினர் என்பதை மறத்தல் ஆகாது. பாதையை விட்டு விலகாமல் நடத்தல், குப்பையைத் திரும்ப எடுத்து வருதல், ஆடுமாடுகளை அச்சுறுத்தாமை, திறந்த வாயிற்கதவை மூடிச் செல்லுதல், அவ்வூர்ச் சந்தையிலேயே பொருள் வாங்குதல் ஆகியவை சிறிய செயல்களே. ஆயினும் ஆயிரம் பேர் செய்யும்போது அவை பெரும்பயன் தருகின்றன.

கெசிக் நகருக்கு நம்முள் எத்தனை பேர் செல்வோமோ, அறியோம். ஆனால், நமக்கும் ஏரிகள் உண்டு, மலைகள் உண்டு. வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட குழிகளே 1880 ஆம் ஆண்டில் தைப்பிங் ஏரிப் பூங்காவாக மாறின. அங்கே நீரின் மேல் கிளை தாழ்த்தி நிற்கும் மழைமரங்களை நட்டவர்கள் அவற்றின் முழு நிழலில் அமர்ந்து மகிழ்ந்திருக்க மாட்டார்கள். அந்நிழல் நமக்காகவே வளர்ந்தது. அடுத்த விடுமுறையில் நீங்கள் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் நிற்கும்போது, அதனைக் காத்துத் தந்தவர்களை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். பின்பு, உங்களுக்குப் பின்னே வரப்போகும் பிள்ளைகளுக்காக, அவ்விடத்தை நீங்கள் கண்டபடியே விட்டு வாருங்கள்.